செங்கழுநீர்ப்பேட்டைத் தூண்கள்

ஹபீபாவுக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் சீடராகச் சேர்ந்த தணிகாசலத்துக்கு ஐம்பத்தொன்பது.

முப்பத்தைந்து வருடம் அரசு வேலையில் பாலமும் பள்ளிக்கூடமும் கட்டியவர், ஓய்வு பெற்ற மறுமாதமே, பழைய கட்டடங்களைப் பேணும் வித்தையைக் கற்க வேண்டுமென்று ஹபீபாவின் அலுவலக வாசலில் போய் நின்றார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று வீட்டில் சிரித்தார்கள். மனிதர் விடவில்லை.

ஹபீபா அவரிடம் ஒப்படைத்தது செங்கழுநீர்ப்பேட்டைப் புறநகர் ரயில் நிலையம். நூற்றுப் பத்து வயது. முன்பக்கம் செங்கல் வளைவுகள், உயரமான டிக்கெட் கூடம். மேற்கே ஏரியை ஒட்டிய இரண்டாம் பிளாட்பாரத்தில், கூரையைத் தாங்கி ஒற்றை வரிசையாக இருபத்தெட்டு இரும்புத் தூண்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம். ஓர் ஆணியைப் பிடுங்குவதென்றாலும் பாரம்பரியக் கட்டடக் குழு கூடி ஒப்புதல் தர வேண்டும். வரைபடம் குழுவுக்குப் போக வேண்டுமென்றால் ஹபீபா கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்று மாதம் தணிகாசலம் வெயில் ஏறுமுன் வந்து வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தினார். மூன்று மணி வரை அளந்தார். ஒரு செங்கல்லை விடவில்லை. அந்த நிலையத்தின் மேல் அவருக்கு ஆசையே வந்துவிட்டது.

கண்ணை உறுத்தியது ஒன்றுதான். தூண்களுக்கு இடையே சீர் இல்லை. நகரத்து ரயில் நுழையும் தெற்கு முனையில் இருபது அடிக்கு ஒன்றாக நின்றவை, வடக்கே போகப் போக நெருங்கின. கடைசி இரண்டுக்கும் நடுவே ஒன்பது அடிதான். கையில் கிடைத்த இரும்பை வைத்து யாரோ ஒப்பேற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்.

நடுவில் மூன்று தூண்கள் அடியில் துருப்பிடித்துப்போய், மேலிருந்த கூரையோடு சேர்த்துக் கழற்றப்பட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. புதியவற்றை நடும்போதே எல்லாத் தூண்களையும் சம இடைவெளிக்கு மாற்றிவிடலாம் என்று வரைந்தார்.

ஏற்கெனவே இரண்டு வரைபடங்களை ஹபீபா ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்திருந்தார். இது மூன்றாவது. மறுநாள் குழு கூடுகிறது. இதுவும் திரும்பினால், இந்த வித்தை நமக்கு வராது என்று ஒதுங்கிவிடுவது என்று தணிகாசலம் தீர்மானித்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. பயமாக இருந்தது.

அன்று ஹபீபா நிலையத்துக்கே வந்தார். பெஞ்சில் வரைபடத்தை விரித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சுருட்டி அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

“சீரா இருக்கிறது தப்பா மேடம்?” என்றார் தணிகாசலம்.

“வாங்க சார், கொஞ்ச தூரம் போயிட்டு வரலாம்.”

நகரத்துக்குப் போகும் ரயிலில் ஏறி மூன்றாவது நிலையத்தில் இறங்கினார்கள். டீ குடித்தார்கள். வேலை விட்டுத் திரும்பும் கூட்டத்தோடு ஐந்தரை மணி வண்டியில் ஏறி, மேற்குப் பக்க ஜன்னலோரம் ஹபீபா அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்.

“கண்ணை மூடிக்குங்க சார்.”

மூடிக்கொண்டார். எதிரே தையல் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் போட்ட ஒரு பெண் ஏற்கெனவே நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

ஏரிக் காற்று முகத்தில் பட்டது. கூட்டத்தின் பேச்சு தூரத்தில் எங்கோ கேட்பதுபோல் ஆயிற்று. ரயில் நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஊர்தான் தன்னைக் கடந்து மெல்ல மிதந்து போகிறது என்று அவருக்குத் தோன்றியது. தூக்கமா விழிப்பா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் மனமில்லை.

மூடிய இமைக்குள் சிவப்பு வந்தது. ஒரு கணம் கருத்தது. மறுபடி சிவப்பு. மறுபடி கருப்பு. ஏரிக்கு மேல் இறங்கும் சூரியனைத் தூண்கள் ஒவ்வொன்றாக மறைத்து மறைத்து விட்டன. தூங்கும் குழந்தையைத் தட்டுவதுபோல் அது அவர் கண்ணில் தட்டியது.

பிரேக் பிடித்தது. உடம்பு முன்னால் சாய்ந்தது. ரயிலின் வேகம் தளர்ந்துகொண்டே வந்தது, தட்டல் தளரவில்லை.

திடீரென்று வெளிச்சம் இடைவிடாமல் கொட்டியது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். மூன்று தூண்களும் கூரையும் இல்லாத வெற்றிடம் கடந்து போயிற்று. அவசரமாக மூடிக்கொண்டார். சிவப்பு, கருப்பு. வண்டி ஊர்ந்தது, தூண்களும் நெருங்கின. தட்டல் மட்டும் அதே நிதானத்தில் கடைசித் தூண் வரை வந்தது.

வண்டி நின்றது. எதிரே இருந்தவள் திடுக்கென்று எழுந்து பையைத் தேடினாள். மூவரும் இறங்கினார்கள்.

தூக்கத்தில் நிலையம் வந்தது எப்படித் தெரிகிறது என்று தணிகாசலம் அவளிடம் கேட்டார்.

“தெரியல சார். கண்ணுக்குள்ள யாரோ தட்டுற மாதிரி இருக்கும், முழிச்சிப்பேன். ஒரு வாரமா நடுவுல விட்டுப்போவுது. முந்தாநேத்து தாண்டிப் போயிட்டேன். பாப்பாவ விட்ட வீட்டுல ஒரே சத்தம்.” அவர் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். “நீங்க ஸ்டேஷன் ஆளா? எப்ப சார் சரி பண்ணுவாங்க?”

தணிகாசலம் வரைபடத்தை நான்காக மடித்தார்.

“பழைய இடத்துலயே வெச்சிடுறோம்மா,” என்றார்.

அவள் தலையசைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஹபீபா பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அடியில் கையெழுத்துப் போட்டு, வரைவதற்கு மேலே இடம் விட்டு அவரிடம் கொடுத்தார்.

தணிகாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நடுவே, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் எழுத்துக் கூட்டிப் படித்த சந்தோஷமும் இருந்தது. இருவரும் வாசலுக்கு வந்தார்கள். வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் தனியாக நின்றது.

“மூணு மாசம் அளந்தேன் மேடம். எனக்குத் தெரியல. அந்தக் காலத்துல இதைக் கட்டினவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

ஹபீபா மரத்தடியைப் பார்த்தார்.

“அவருக்கு ஸ்கூட்டர் கிடையாது சார்.”