சிவப்பு நூல் கட்டிய கடா

பாலைநிலத்தின் விளிம்பில் ஒரு காடு இருந்தது. அங்கே வாழ்ந்த மிருகங்களுக்குப் பக்தி அதிகம். உளி படாத கற்களை அடுக்கி ஆண்டவருக்கு ஒரு பலிபீடம் கட்டியிருந்தன.

ஆண்டுக்கு ஒருமுறை அங்கே பாவம் கழிக்கும் நாள் வரும். சீட்டுப் போட்டு ஒரு கடாவைத் தேர்ந்தெடுத்து, கொம்பில் சிவப்பு நூல் கட்டி நிறுத்தும் வழக்கம். எல்லா மிருகங்களும் அதன் தலையில் கைவைத்துத் தம் குற்றத்தைச் சொல்லும். பொழுது சாய்வதற்குள் கடாவைப் பாலைக்குள் ஓட்டிவிடும். பாவமும் போய்விடும், கடாவும் போய்விடும். போன கடா எதுவும் திரும்பியதில்லை.

ஒரு விதி உண்டு. கடாவின் உடம்பில் கீறல் இருக்கக் கூடாது. கீறல் பட்டால் சடங்கு செல்லாது. பாவமெல்லாம் அவரவர் தலைக்கே திரும்பிவிடும்.

அந்த ஆண்டு சீட்டு ஒரு கறுப்புக் கடாவுக்கு விழுந்தது. அது அழவில்லை. ‘நான் ஒருவன் போனால் காடு சுத்தமாகும் என்றால் போகிறேன்’ என்று தலை குனிந்து நின்றது.

முதலில் விதவை முயல் வந்தது. “அண்ணா, என் குட்டி ஒன்று தாகத்தில் செத்துப்போனது. அன்று சிறுத்தையை வாய்விட்டுச் சபித்தேன். அது பாவம்தானே?”

“மற்றக் குட்டிகள்?”

“நாக்கு வறண்டு கிடக்கின்றன, அண்ணா.”

கடா குனிந்த தலையை நிமிர்த்தியது.

அடுத்துச் சிறுத்தை வந்தது. ஒரு மூட்டை சாம்பிராணியை நெருப்பில் கொட்டியது. புகை வானத்தை மறைத்தது.

“ஆகா! பக்தி என்றால் இதுவல்லவா பக்தி!” என்று பூசாரியான கொண்டலாத்திப் பறவை கொண்டையை விரித்துச் சிலிர்த்தது.

சிறுத்தை கடாவின் தலையில் கைவைத்து, கொட்டாவி விட்டபடியே சொன்னது: “காட்டின் ஒரே ஊற்றை மறித்துக்கொண்டேன். அந்தக் குற்றம் இனி உன்னுடையது.”

“ஊற்றை விட்டுவிட்டீரா?” என்றது கடா.

“ஊற்றை ஏனடா விடவேண்டும்? பாவத்தைத்தானே உனக்குத் தருகிறேன்!”

“அப்படியானால் நாளைக்கும்?”

“நாளைக்கும் அங்கேதான் படுப்பேன். அந்தப் பாவத்தைச் சுமக்க அடுத்த ஆண்டு இன்னொரு கடா கிடைக்காமலா போகும்?” சிறுத்தை வயிறு குலுங்கச் சிரித்தது.

கடாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ‘பாலைக்குப் பயந்துதான் எனக்குக் கோபம் வருகிறதோ?’ என்று ஒரு கணம் தன்னையே கேட்டுக்கொண்டது. பிறகு முயலைப் பார்த்தது. நான்கு காலையும் மடக்கி அங்கேயே படுத்துவிட்டது.

“ஊற்றைத் திறக்கட்டும். நானே நடந்து போகிறேன். அதுவரை எழுந்திருக்க மாட்டேன்.”

“கடா பேசக் கூடாது! வழக்கமே இல்லை!” என்று கொண்டலாத்தி கத்தியது.

“வழக்கத்தைத்தான் கேட்கிறேன், பூசாரியாரே. தேனை நக்குகிறவர் ஒருவர், கொட்டு வாங்குகிறவன் ஒருவனா? ஆண்டவருக்கு மூக்கு மட்டும்தான் உண்டு என்று நினைத்தீரா? சாம்பிராணி எட்டுகிற இடத்துக்குத் தாகத்தில் செத்த குட்டியின் முனகல் எட்டாதா?”

சிறுத்தை நகத்தை நீட்டிப் பாய்ந்தது.

“ஐயோ, தொடாதீர்!” கொண்டலாத்தி குறுக்கே விழுந்தது. “ஒரு கீறல் பட்டாலும் எல்லாம் போச்சு!”

“கீறிப் பாரும், சிறுத்தையாரே,” என்றது கடா. “உம் பாவம் உம் வீட்டுக்கே வரட்டும்.”

சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மிருகங்களுக்குப் பதற்றம் வந்துவிட்டது.

“ஊற்றை விட்டுத் தொலையுமே!” என்று கரடி சீறியது. “உம்மால் எங்கள் பாவமும் அல்லவா இங்கேயே கிடக்கப்போகிறது!”

எல்லாம் ஒன்றாக உறுமின. காடு முழுவதையும் எதிர்க்கச் சிறுத்தைக்குத் துணிவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஊற்றை விட்டு மலைக்குப் போனது. முயல்குட்டிகள் தண்ணீரில் வாய் வைத்தன.

கடா கரடியைத் திரும்பிப் பார்த்தது. “உங்கள் குற்றம் என்ன, கரடியாரே?”

கரடி தலையைச் சொறிந்தது. “அணிலின் வாதுமைக் கொட்டைகளை எடுத்துக்கொண்டேன். அதையும் கொடுத்துவிட வேண்டுமோ?”

கடா ஊற்றின் பக்கம் தலையை ஆட்டிக் காட்டியது. கரடி நெளிந்தது. பிறகு கொட்டைகளை எடுத்துக் கொடுக்கக் குகைக்கு ஓடியது. அதைப் பார்த்து ஒவ்வொன்றாக மற்ற மிருகங்களும் ஓடின. கடாவை ஓட்டிவிட ஒருவரும் மிஞ்சவில்லை.

சொன்ன சொல் தவறாமல் கடா எழுந்து பாலையை நோக்கித் தனியே நடந்தது. முயல் பின்னால் ஓடிவந்தது.

“எங்கே போகிறீர்கள், அண்ணா?”

“உங்கள் பாவங்களைச் சுமந்து போகிறேன், அம்மா.”

“எதைச் சுமக்கிறீர்கள்? ஊற்றும் வந்தாயிற்று, கொட்டையும் போய்ச் சேர்ந்தாயிற்று. தலையை ஆட்டிப் பாருங்கள், கனக்கிறதா?”

கடா தலையை ஆட்டிப் பார்த்தது. சிவப்பு நூல் மட்டும் ஆடியது. முயல் அதைக் கடித்துக் கீழே போட்டது. கடா அதை எடுத்து வாயில் போட்டு மென்றது.

“அடேய், அது புனித நூலடா!” என்று பின்னாலேயே பறந்துவந்த கொண்டலாத்தி அலறியது.

“உப்புதான் போதவில்லை,” என்று சொல்லிவிட்டு, கடா தண்ணீர் குடிக்க ஊற்றுக்குத் திரும்பியது.

நீதி: பறித்ததை முதலில் திருப்பிக் கொடு, பிறகு பலிபீடத்துக்கு வா.