ஒரு காதுக்கு மட்டும் தம்புரா

"கேட்டவங்க எல்லாரும் பிரமாதம்னு சொல்றாங்க. உங்களுக்கு மட்டும் ஏன் டீச்சர் பிடிக்கலை?" என்று கேட்டார் உலகநாதன்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பாட்டு டீச்சர் வசுமதி அவரைவிட இருபது வயது சின்னவள்.

"எல்லாரும்னா யார் சார்?"

"குடும்ப குரூப்ல போட்டேன். என் மச்சினன் கைதட்டுற படம் அனுப்பினான்."

"எப்போ அனுப்பினார்?"

"போட்ட உடனே. அடுத்த நிமிஷமே."

"பாட்டு எவ்வளவு நேரம்?"

உலகநாதன் கொஞ்சம் தயங்கினார். "ஆறு நிமிஷம்."

வசுமதி சிரிக்கவில்லை. பதிவை மறுபடி ஓடவிட்டாள். சரணத்தில், மேல் ஸட்ஜத்தில் நின்று நீட்டும் இடம் வந்தது. அவள் ஒரு விரலைத் தூக்கினாள்.

"சுருதி இறங்குது."

அவர் சேர நினைத்த பாட்டுப் போட்டிக்கு ஒரே மூச்சில் பாடிய பதிவைத்தான் அனுப்ப வேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது. தேர்வானவர்கள் மேடையில் பாடலாம். எதிரே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். உலகநாதனின் பாட்டைக் காதுகொடுத்துக் கேட்க ஆள் இல்லாமல் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது.

வீட்டுக்குப் போனார். ஜன்னல்களைச் சாத்தினார். மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்தினார். பீரோ கண்ணாடிமேல் போர்வையைத் தொங்கவிட்டார். பாடிப் பதிவுசெய்து எடுத்து வந்தார்.

அதே இடம். அதே விரல்.

"மைக் சரியில்லை டீச்சர்."

புது மைக் வாங்கினார். பாடினார். கொண்டுவந்தார்.

"இப்ப ரொம்பத் தெளிவாக் கேட்குது சார்."

"பாட்டுதானே?"

"தப்பு."

உலகநாதன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்குக் கடைசி நாள். என் வயசுக்காவது கொஞ்சம் பார்த்துச் சொல்லலாம்."

"வயசுக்குத்தான் அவங்களே தனிப் பிரிவு வெச்சிருக்காங்களே. வீட்டில் எப்படிப் பதிவு பண்றீங்களோ, அப்படியே இங்க பாடுங்க."

அவர் பையிலிருந்து ஒயர் இல்லாத இரண்டு சின்ன இயர்போன்களை எடுத்து இரண்டு காதிலும் செருகினார். செல்போனில் தம்புராவை ஓடவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

வசுமதி கையை நீட்டி, இடது காதில் இருந்ததை மட்டும் உருவினாள்.

உலகநாதனின் கை சட்டென்று அந்தக் காதைப் பொத்தியது.

"ஒரு காதுல தம்புரா, ஒரு காதுல நம்ம குரல். அப்படித்தானே சார் பாடணும்? எதுக்கு ரெண்டையும் அடைக்கிறீங்க?"

"இங்கேன்னா பரவாயில்லை. அங்கே ஒண்ணை எடுத்தா வீடு கேட்குது."

"வீட்டில் யார் இருக்காங்க?"

"யாரும் இல்லை. அதுதான் கேட்குது."

வசுமதி கையில் இருந்த இயர்போனைத் தன் பேனா டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"போட்டி முடிஞ்சதும் வந்து வாங்கிக்கங்க."

அன்று மாலை உலகநாதன் வலது காதில் மட்டும் தம்புராவோடு மைக் முன்னால் உட்கார்ந்தார். இடது காதில் வீடு நிறைந்தது.

பாடினார்.

பல்லவி போனது. அனுபல்லவி போனது. சரணத்தில் மேல் ஸட்ஜம் வந்தது. குரல் எழும்பி, எட்டியதுபோல் எட்டி, கொஞ்சம் கீழேயே நின்றது.

அவருக்கே கேட்டது.

பாட்டை நிறுத்தினார்.

மனைவி விசாலம் இருந்தவரை, இந்த இடத்தில்தான் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள். தாளித்துக்கொண்டே தப்பைச் சொல்வாள். அவரும், "உனக்கு என்ன தெரியும், குழம்பைப் பாரு" என்று கத்துவார். கத்திவிட்டுத் திருத்திக்கொள்வார்.

அடுக்களைப் பக்கம் பார்த்தார். விளக்கு போடவில்லை.

"இறங்குது," என்றார் உலகநாதன், அங்கே கேட்கும்படி.

பிறகு முதலிலிருந்து தொடங்கினார்.