எதிராளியின் கடிகாரம்

"வேகமா ஆடினா தப்பு வருது. யோசிச்சு ஆடினா நேரம் போயிருது. நான் என்னதான் செய்யட்டும், டீச்சர்?"

கேட்டவர் செண்பகராமன். ஐம்பத்து நாலு வயது. நாகர்கோவில் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளர். ஊர்ப் பஸ்களையெல்லாம் நிமிஷம் பிசகாமல் கிளப்பி விடுகிற மனுஷனுக்கு, செல்போனில் ஆளுக்கு மூன்று நிமிடம் வைத்து ஆடும் சதுரங்கத்தில் மட்டும் நேரம் கைக்கு அடங்கவில்லை.

டீச்சர் பெனிட்டாவுக்கு வயது முப்பத்தொன்று. கோட்டாற்றில் ஒரு மருந்துக் கடை மாடியில் சதுரங்கம் சொல்லித் தருகிறவர். அவருடைய சீடர்களில் மீசை நரைத்தவர் இவர் ஒருவர்தான்.

"நேத்து எத்தனை ஆட்டம் ஆடினிய, அண்ணாச்சி?"

"நாப்பது இருக்கும்."

"தோத்தது?"

"இருபத்தேழு."

"தோத்த உடனே என்ன செஞ்சிய?"

"அடுத்த ஆட்டத்த அமுக்கினேன். விட்டதப் பிடிக்கணும்லா."

பெனிட்டா அவர் கையிலிருந்த போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"கீழ எறங்கிப் போங்கோ. மருந்துக் கடை வாசல்ல செத்த நின்னுட்டு ஏறி வாங்கோ."

போனார். வந்தார். இருபத்தாறு படி. மூச்சு வாங்கியது.

"இனிமே ஒவ்வொரு தோல்விக்கும் இது."

அன்றைக்குப் பதினொரு தடவை இறங்கி ஏறினார். பன்னிரண்டாவது ஆட்டத்தைத் தோற்க முழங்கால் சம்மதிக்கவில்லை.

"யாரை ஜெயிக்கணும் ஒங்களுக்கு?" என்று கேட்டார் பெனிட்டா.

அவர் போனை மேசையில் வைத்தார்.

"எங்க அண்ணனை."

அண்ணன் சிதம்பரதாணு கோயம்புத்தூரில் இருக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன் அம்மா இறந்தாள். தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய மகன். அந்த உரிமை செண்பகராமனுடையது, அதில் தகராறு இல்லை. ஆனால் அண்ணன் வந்த கார் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. "ரெண்டு மணி நேரம் பொறுல. அம்ம மொகத்த ஒரு தடவ பாத்துக்கிடுதேன்" என்று போனில் கெஞ்சினார். பொழுது சாயும் முன் எடுக்க வேண்டும் என்றார்கள் ஊர்க்காரர்கள். செண்பகராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எடுக்கச் சொல்லிவிட்டார்.

அண்ணன் வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் புகைதான் மிச்சம்.

அதோடு பேச்சு அற்றுப் போனது. ஆனால் ஞாயிறுதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணனிடமிருந்து ஆட்டத்துக்கு அழைப்பு மட்டும் வரும். பத்து ஆட்டம். பத்திலும் அண்ணனே ஜெயிப்பார். எழுதிப் பேசவும் திரையோரத்தில் ஓர் இடம் உண்டு. இரண்டு பேரும் அதில் ஓர் எழுத்துக்கூட எழுதியதில்லை.

"ஒரு நாள் நான் ஜெயிச்சேன்னு வைங்கோ. 'எப்பிடில ஜெயிச்ச'ன்னு கேப்பாருல்லா? அந்த ஒரு வார்த்த போதும் டீச்சர் எனக்கு."



பெனிட்டா ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

"ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எத்தனை நொடி ஆச்சுன்னு ஆட்டம் முடிஞ்ச பெறவு போன்லயே காட்டும். அத எழுதுங்கோ. வேற ஒண்ணும் எழுதாண்டாம்."

எழுதினார். தன் லட்சணம் தனக்கே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆட வேண்டிய ஆரம்பத்தில் நாற்பது நொடியைத் தொலைத்துவிட்டு, இக்கட்டு வரும்போது கையில் நேரமில்லாமல் பதறுகிறார். பதறாத காரியம் சிதறாது என்று டிரைவர்களுக்குத் தினமும் உபதேசம் செய்கிறவர்தான்.

சித்திரை போயிற்று. ஆடி போயிற்று. நோட்டு பாதி நிறைந்தது. நொடிகள் அவர் சொன்னபடி கேட்க ஆரம்பித்தன.

ஆவணியில் ஒரு ஞாயிறு, அண்ணனிடம் ஓர் ஆட்டம் ஜெயித்தார். மறுவாரம் மூன்று. அதற்கடுத்த வாரம் ஏழு.

திங்கட்கிழமை நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு மாடியேறினார்.

"பத்துக்கு ஏழு, டீச்சர். ஆனாலும் மனுஷன் ஒரு வார்த்த எழுதல்ல. அவ்வளவு வீம்பு."

பெனிட்டா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டினார்.

"இதுல ஒங்க நொடி மட்டும்தான் இருக்கு."

"நீங்க அதத்தானே எழுதச் சொன்னிய?"

"ஆமா. இப்ப அவரோடத எழுதுங்கோ. பங்குனி மாசத்து ஆட்டம் ஒண்ணு. நேத்து ஆடினது ஒண்ணு."

போனைப் பார்த்துப் பார்த்து எழுதினார். பங்குனியில் இரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்று. நேற்று ஆறு, எட்டு, ஏழு, பதினொன்று.

பேனா நின்றது.

"அந்த ஏழுல, ராஜாவ மடக்கி ஜெயிச்சது எத்தனை?"

தேடிப் பார்த்தார். "ரெண்டு."

மற்ற ஐந்திலும் அண்ணனின் காய்கள்தான் ஓங்கி நின்றன. நேரம் தீர்ந்துதான் தோற்றிருந்தார். மடக்கிய இரண்டிலும் அண்ணன் தன் ராணியை, வைக்க வேண்டிய கட்டத்துக்கு ஒரு கட்டம் தள்ளி வைத்திருந்தார். நேற்று அதைப் பார்த்துச் செண்பகராமன் தொடையில் தட்டிச் சிரித்திருக்கிறார்.

"அவரு கை முன்ன மாதிரி இல்ல..." என்று தொடங்கினார்.



"நான் என்ன செய்யட்டும், டீச்சர்?"

"ஆட்டம் சொல்லித் தாறதுதான் என் வேலை." நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தார். "நீங்க கேட்டத சொல்லித் தந்தாச்சு."

அந்த வாரம் முழுக்க அண்ணனின் எண்ணை எடுப்பதும் வைப்பதுமாகக் கழிந்தது. இரண்டு மணி நேரம் பொறுக்காதவன், ஆறு வருஷம் கழித்து எந்த முகத்தோடு கூப்பிடுவது? வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அண்ணியிடம் கேட்கலாம் என்று நினைத்தார். அதற்கும் தைரியம் வரவில்லை.

ஞாயிறு வந்தது. ஆறு மணிக்கு அழைப்பும் வந்தது.

ஆட ஆரம்பித்தார்கள். நாலாவது நகர்த்தலுக்கு அண்ணனுக்கு ஒன்பது நொடி ஆனது. செண்பகராமன் எண்ணிக்கொண்டே இருந்தார். அடுத்து அவருடைய முறை. மந்திரியை நகர்த்த வேண்டும். குழந்தைக்கும் தெரிந்த நகர்த்தல்தான். விரல் அதன்மேல் போய் நின்றுவிட்டது.

அவருடைய நேரம் ஓடத் தொடங்கியது. இரண்டு நிமிடம் நாற்பது நொடி. முப்பது. இருபத்தைந்து. கண் நிறைந்து கட்டங்கள் கலங்கின.

இருபதைத் தொடும் முன் சதுரங்கம் மறைந்து போன் அடித்தது. திரையில் ‘அண்ணன்’ என்றிருந்தது.

எடுத்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து நாக்குப் புரளாமல், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சொற்கள் மெல்ல வந்தன.

"லே தம்பி... ஏம்ல ஆடாம இருக்க? ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"