தாகம் பிடித்த கௌதாரிகள்

சோணைமுத்துவுக்குத் தலை நரைத்த பிறகுதான் குரு அமைந்தார். குரு அவரைவிட வயதில் சின்னவர். அதிலும் பெண். பெயர் மாயக்காள்.

நெடுங்கரட்டுப் பாளையத்தில் கௌதாரி வேட்டைக்கு நாய் பழக்க மாயக்காளை விட்டால் ஆளில்லை. அது லேசான காரியமல்ல. முயல் என்றால் நாய் துரத்தினால் போதும். கௌதாரிக்குத் துரத்தவே கூடாது. வாடை பிடித்துப் போய், பறவை பதுங்கியிருக்கும் புதருக்கு முன்னால் கல்லாக நிற்க வேண்டும். வேட்டைக்காரர் வந்து சேரும்வரை நிற்க வேண்டும். பறவை எழும்பி, வேட்டைக்காரர் எறிகிற வளைதடி காற்றில் போனாலும் நிற்க வேண்டும். ஓடுவதற்கென்றே பிறந்த பிராணியை நிற்க வைக்கிற வேலை.

சோணைமுத்து அரண்மனை வாசலில் ஈட்டி பிடித்து நின்றவர். ஒருநாள் மாயக்காளின் நாய் செவலை ஒரு காரைப் புதர் முன்னால் நின்ற நிலையைப் பார்த்தார். பறவை முகத்துக்கு நேராகப் படபடத்து எழுந்தது. நாய் இமைக்கவில்லை.

'நானும் இத்தனை வருஷம் வாசலில் நின்றேனே, ஒரு நாளாவது இப்படி நின்றேனா' என்று தோன்றியது. மறுநாள் ஈட்டியை ஒப்படைத்துவிட்டு மாயக்காள் வீட்டு முன்னால் வந்து நின்றார்.

குரு சிஷ்யனை "அண்ணே" என்பார். சிஷ்யன் குருவை "தாயி" என்பார். ஊர் சிரித்தது. இருவரும் கண்டுகொள்ளவில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊருக்கு மேற்கே மந்தைக்காடு. யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத பொதுக்காடு. ஆடு மேய்க்கலாம், விறகு பொறுக்கலாம், நாயோடு போய் வேட்டையாடலாம். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தக் காட்டில் புல் எல்லாம் கருகி, காலடி வைத்தால் நொறுங்கியது. ஓடை மணலில் ஒரே ஒரு ஊற்று மட்டும் கசிந்துகொண்டிருந்தது. ஊர் மாடுகளும் அதில்தான் குடித்தன. காட்டுப் பிராணிகளும் அதில்தான் குடித்தன.

வறட்சியில் வேட்டை கடினம். காய்ந்த மண்ணில் வாடை தங்காது. விடியற்காலை லேசான ஈரம் இருக்கும் நேரம்தான் நாய்க்கு மூக்கு வேலை செய்யும். வெயில் ஏறியதும் பக்கத்தில் இருக்கிற பறவையைக்கூட நாய் தாண்டிப் போய்விடும். மாயக்காளும் சோணைமுத்துவும் ஒரு விடியல் முழுக்க நடந்து ஒரு பறவையோடு திரும்புவார்கள். சில நாள் அதுவும் இல்லை.

சோணைமுத்துவின் நாய் சுழியன். தானே குட்டியிலிருந்து வளர்த்துப் பழக்கியது. நல்ல மூக்கு. ஆனால் ஒரு குறை இருந்தது. பறவை எழும்பியதும் பாய்ந்துவிடும்.

"இன்னைக்கும் பாஞ்சிருச்சு தாயி."

"நீங்களும்தாண்ணே பாஞ்சீங்க."

"நானா? நான் நின்ன இடத்துலதானே நின்னேன்?"

"மனசு பாஞ்சுச்சுல்ல. அதுக்குத் தெரியும்."

அன்று திரும்பும்போது ஊற்றருகே அரண்மனை வேட்டைக்காரர் தொட்டப்பனைப் பார்த்தார்கள். ஊற்றைச் சுற்றி வலை விரித்திருந்தது. அவருடைய நாய்கள் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் குடிக்க வந்த கௌதாரிகள் ஒரு கூடை நிறையக் கிடந்தன.

"என்னப்பா சோணை," என்றார் தொட்டப்பன். "அரண்மனை வாசல்லயாவது நிழல் இருந்துச்சு. இப்ப ஒரு கோழிக்கு ஊரெல்லாம் சுத்துற."

சோணைமுத்துவுக்கு முகம் சுட்டது. கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"தாயி, காடு பொதுதானே?"

"பொதுதாண்ணே."

"ஊத்தும் பொதுதானே? நாமளும் அங்க உக்காந்தா என்ன?"

மாயக்காள் தோளில் தொங்கிய தண்ணீர்ப் பையை இறக்கினார். உள்ளங்கையைக் குழித்து முதலில் செவலைக்கு ஊற்றினார். பிறகு சுழியனுக்கு. பிறகு பையை சோணைமுத்துவிடம் நீட்டினார். அவர் குடித்துக் கொடுத்ததில் மிச்சமிருந்த ஒரு மடக்கைத் தான் குடித்தார்.

"வெயில் ஏறிருச்சு. செவலைக்குக் காலு வேற வெடிச்சிருக்கு. வாங்க போவோம்."

நாலைந்து நாளில் தண்டோரா வந்தது. மந்தைக்காட்டுக்கு நாய் கூட்டிப் போகிற அத்தனை பேரும் தங்கள் வேட்டையோடு அரண்மனைக்கு வர வேண்டும்.

விஷயம் ஊருக்குள் பரவியிருந்தது. காடு செத்துவிட்டது, ஊற்றைத் தவிர வேறெங்கும் ஒரு இறகுகூடக் கிடையாது என்று தொட்டப்பன் சொல்லியிருந்தார். ஊற்றைச் சுற்றி முள்வேலி போட்டு அரண்மனைக்கு என்று வைத்துக்கொண்டால் வரப்போகிற திருவிழாவுக்கு வருகிறவர்களுக்குக் கௌதாரிக் கறியோடு சோறு போடலாம் என்றும் சொல்லியிருந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பஞ்ச காலத்தில் வருகிறவர்களுக்கு அரண்மனை எதைப் பரிமாறும்? ஆனால் வேலி விழுந்தால் ஊர் மாடுகள் எங்கே போய்க் குடிக்கும்?

அன்று காலை பிடித்த வேட்டையோடு எல்லோரும் கூடினார்கள். பாளையக்காரர் வயதானவர். ஒரு காலத்தில் தானே நாயோடு காடு சுற்றியவர். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை.

தொட்டப்பன் இரண்டு கூடைகளை இறக்கினார். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. மாயக்காள் ஒரே ஒரு கௌதாரியை வைத்தார். அதன் உடம்பில் பல் பட்ட தடமே இல்லை.

பாளையக்காரர் இரண்டையும் பார்த்தார்.

"பாளையத்திலேயே பெரிய நாய்க்காரி நீதான் என்கிறார்கள். உன் வேட்டை ஒன்றுதானா?"

"இது என் நாய் பிடிச்சது மகாராஜா."

"அந்தக் கூடையில் இருப்பவை?"

"அது தாகம் பிடிச்சுக் குடுத்தது. மரியாதை செய்யணும்னா தாகத்துக்குத்தான் செய்யணும்."

சோணைமுத்துவுக்குப் பயமாக இருந்தது. கூடவே நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது.

"வாய் நீளம்," என்றார் தொட்டப்பன். "ஊத்தை விட்டா அந்தக் காட்டுல என்ன இருக்குன்னு காட்டச் சொல்லுங்க சாமி. இந்த ஒன்னுதான் கடைசியா இருக்கும்."

பாளையக்காரர் தாடியைத் தடவினார்.

"நாளை விடியலில் நானே வருகிறேன். ஊற்றுப் பக்கம் யாரும் போகக் கூடாது. இருவரும் உங்கள் நாய்களை விடுங்கள். காட்டில் உயிர் இருந்தால் காடு பொதுவாகவே இருக்கட்டும். இல்லையென்றால் வேலி."

"என் நாய் இன்னைக்கு வேட்டைக்கு ஓடிக் களைச்சிருச்சு மகாராஜா. காலும் வெடிச்சிருக்கு. நாளைக்கு ஓட்ட மாட்டேன்," என்றார் மாயக்காள்.

"அப்படியானால்?"

"இவர் போவார்."

சோணைமுத்து திரும்பிப் பார்த்தார். தனக்குப் பின்னால் யாரையோ காட்டுகிறார் என்று நினைத்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

தொட்டப்பன் சிரித்துவிட்டார். "வாசல் காவக்காரனா?"

வெளியே வந்ததும் சோணைமுத்து கேட்டார்.

"தாயி, ஊரோட தண்ணி. சுழியன் பாஞ்சிட்டா?"

"பாயலாம்."

"நான் நடுங்கிட்டா?"

"நடுங்கலாம்."

"அப்புறம் எதுக்கு என்னை அனுப்புறீங்க?"

"செவலைக்குக் கால் வெடிச்சிருக்குண்ணே," என்றார் மாயக்காள்.

விடியலில் ஊரே காட்டு ஓரத்தில் திரண்டிருந்தது. பாளையக்காரர் குதிரை மேல் இருந்தார். முதலில் தொட்டப்பன் நாய்களை அவிழ்த்தார். கொழுத்த, அழகான நாய்கள். அவை ஒரு கணம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரே ஓட்டமாக ஊற்றை நோக்கிப் போயின. கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை. வழக்கமாகப் படுக்கிற நிழலில் போய்ப் படுத்துக்கொண்டன.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பாளையக்காரர் சிரிக்கவில்லை.

சோணைமுத்து சுழியனின் மூக்கை ஈரக் கையால் தடவினார். காற்று எதிர்முகமாக வரும்படி பாறைக் கரட்டுச் சரிவைப் பார்த்து நடந்தார். சுழியன் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து தேடியது. ஆவாரம் செடிகள். ஒன்றுமில்லை. உடை மரத்தடி. ஒன்றுமில்லை. கருகிய கோரை. ஒன்றுமில்லை. கிழக்கே வெளிச்சம் மஞ்சளாகி, வெளுக்கத் தொடங்கியது. மண் சூடேறுவதைப் பாதத்தில் உணர்ந்தார்.

"செத்த காடுன்னு அன்னைக்கே சொன்னேன்," என்று பின்னால் தொட்டப்பன் குரல் கேட்டது.

சோணைமுத்துவுக்கு நாயை விரட்டி ஓட்ட வேண்டும் போலிருந்தது. 'சீக்கிரம், சீக்கிரம்' என்று கத்த வேண்டும் போலிருந்தது. திரும்பிக் குருவைப் பார்த்தார். மாயக்காள் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, மடியில் கிடந்த செவலையின் பாதத்தில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதைப் பார்த்ததும் ஏனோ அவருக்கு மூச்சு சீராகிவிட்டது. நடையைக் குறைத்தார். சுழியனும் குறைத்தது.

சரிவின் பாதியில், ஆள் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சூரை முட்புதர். அதைத் தாண்டிப் போன சுழியன் சட்டென்று தலையை மட்டும் திருப்பியது. ஒரு முன்னங்கால் தூக்கியபடியே நின்றது. வால் விறைத்தது. அவ்வளவுதான். நாய் கல்லாகிவிட்டது.

சோணைமுத்து நடந்தார். ஊர் முழுக்கப் பின்னால் இருந்தது. ஆனால் இப்போது அவருக்கு நாயும் புதரும் தவிர எதுவும் தெரியவில்லை. சுழியனின் தொடைத்தசை துடித்தது. பாயப் போகிறது என்று நினைத்தார். பிறகு, தானும் பாயவில்லை என்பதைக் கவனித்தார். மனசு பாதத்தில் இருந்தது. பாதம் மண்ணில் இருந்தது.

பட்டென்று புதர் வெடித்தது. கௌதாரி எழுந்தது. சோணைமுத்து எறிந்த வளைதடி சுழன்று போனது. ஒரு சாண் இடைவெளியில் அதன் வாலைத் தாண்டிப் போய்க் கல்லில் மோதி விழுந்தது. பறவை சரிவு முழுக்க மிதந்து போய் ஓடைக்கு அந்தப் பக்கம் கோரைக்குள் இறங்கியது.

ஊர் முழுக்க ஒரே பெருமூச்சு.

சோணைமுத்து கீழே பார்த்தார்.

சுழியன் நின்றுகொண்டிருந்தது. தூக்கிய காலை இன்னும் இறக்கவில்லை. கண்கள் மட்டும் பறவை போன திசையில் இருந்தன.

அவர் தடி தவறியதை அந்த நேரத்தில் மறந்தே போனார்.

பாளையக்காரர் குதிரையிலிருந்து இறங்கினார். தாங்க வந்த ஆளை விலக்கிவிட்டு, வலிக்கிற காலோடு சரிவேறி வந்தார். புதரடியில் குனிந்து பார்த்தார். புழுதியில் குழி குழியாகப் பறவைகள் புரண்ட தடம். புதிய எச்சம். பெரிய காலடிகளுக்கு நடுவே, கூரிய குச்சியால் குத்தியதுபோல் குஞ்சுகளின் காலடிகள்.

"குடும்பமே இருக்கிறது," என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "காடு சாகவில்லை. வேலி வேண்டாம். மழை வரும்வரை ஊற்றில் யாரும் வலை விரிக்கக் கூடாது. அரண்மனை ஆளும் சேர்த்துத்தான். திருவிழாவுக்கு வருகிறவர்கள் கூழ் குடிப்பார்கள். நானும் குடிக்கிறேன்."

தொட்டப்பன் தலை குனிந்தார். கூட்டத்தில் யாரோ குலவையிட்டார்கள்.

பாளையக்காரர் சுழியனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நாயைப் பழக்கியது நீயா?" என்று மாயக்காளைக் கேட்டார்.

"இல்ல மகாராஜா. இவர்."

"இவரைப் பழக்கியது?"

"நாய்."

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். தன் தோள் துண்டை எடுத்து சோணைமுத்துவுக்குப் போர்த்தினார். சோணைமுத்து எத்தனையோ வருஷம் வாசலில் நின்றபோது ஒருநாளும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்காத பாளையக்காரர் அன்று பார்த்தார்.

கூட்டம் கலைந்தது. வெயில் நன்றாக ஏறிவிட்டது. குருவும் சிஷ்யனும் நாய்களோடு திரும்பினார்கள். சற்று தூரம் போனதும் சோணைமுத்துவின் நடை தளர்ந்தது.

"என்னண்ணே?"

"நாய் நின்னுச்சு தாயி. நான்தான் தவறிட்டேன். ஊரே பாக்க வெறுங்கையோட திரும்புறேன். உங்க பேருக்கு ஒரு பறவையாவது நான் கொண்டு வந்திருக்கணும்."

மாயக்காள் ஓடைப் பக்கம் கைநீட்டினார்.

"அது எங்க எறங்குச்சு, பாத்தீங்களா?"

சோணைமுத்துவின் முகம் வெளிச்சமானது. "பாத்தேன். கோரைக்குள்ள. தூரம் பறந்திருக்கு, வெயிலும் கொளுத்துது. நாக்கு வறண்டு எப்படியும் ஊத்துக்கு வரும். வலை வேண்டாம். சுழியனோட போய் ஓரமா நின்னாலே போதும்."

"வருமா?"

"வராம எங்க போகும்?"

மாயக்காள் பாதையிலிருந்து விலகினார். வீட்டுக்கு ஊற்றுப் பக்கமாகப் போனால் கிட்டம். கரட்டைச் சுற்றிப் போனால் இரண்டு மடங்கு நடை, நிழலே கிடையாது. அவர் கரட்டுப் பாதையில் ஏறினார்.

"அப்ப இப்படிப் போவோம்ணே," என்றார். "அது குடிச்சிட்டு வரட்டும்."