வெள்ளிக்கிழமை விக்கும் வண்டி

செங்கல் சூளை முதலாளி பரமகுருவின் பழைய பிக்கப் வண்டிக்கு ஒரு வியாதி. மற்ற நாளெல்லாம் ஒழுங்காக ஓடும். வெள்ளிக்கிழமை பூஜை போட்டுக் கிளம்பினால் மட்டும் பாதி வழியில் விக்கி விக்கி நின்றுவிடும்.

"உன் ராசிதான்டா காரணம்," என்றார் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி. "இன்னைக்கும் நின்னுச்சுன்னா சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

டிரைவர் மாயழகு கியரை மாற்றினான். மேட்டில் வண்டி விக்கி நின்றது. முதலாளி கையை நீட்டினார்.

"தர்றேன் முதலாளி. அதுக்கு முன்னாடி மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டு இந்த மேட்டை ஏறிக் காட்டுங்க."

"செத்துப்போவேன்டா."

"வண்டியும் அப்படித்தான்."

இறங்கிப் போய் டீசல் டேங்க் மூடியைக் காட்டினான். டேங்குக்குள் காற்றுப் போக அதில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதன் மேல் கட்டைவிரல் கனத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். காலையில் முதலாளி தன் கையாலேயே அப்பியது. மாயழகு சுரண்டி எறிந்தான். வண்டி கிளம்பி மேடேறிவிட்டது. சாவியைப் பற்றிப் பேச்சே இல்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு முதலாளி மெதுவாகக் கேட்டார். "பொட்டு வைக்காம எப்படிடா பூஜை?"

"பம்பருக்கு எவ்வளவு வேணும்னாலும் அப்புங்க முதலாளி. அது மூச்சு விடாது."