மேகத்தில் வைத்த சீழ்க்கை

காட்டாறு திரும்பும் வளைவில் கருங்கயம் என்றொரு மடு இருந்தது. அதன் கரையில் நாணல் என்ற நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. அந்தக் காட்டில் விலங்குகள் எல்லாவற்றிடமும் கைபேசி உண்டு. நாணலிடமும் ஒன்று இருந்தது. அதைக் குட்டிகளைவிடப் பத்திரமாக அது பார்த்துக்கொண்டது.

அதற்குக் காரணம் இருந்தது. போன மழைக்காலத்து வெள்ளம் நாணலின் துணை துழாவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தவை கைபேசிக்குள் சில படங்களும் ஒரு சீழ்க்கையும்தான். பொழுது சாயும்போது, "போதும் விளையாட்டு, கரையேறு" என்று குட்டியைக் கூப்பிடத் துழாவன் அடித்த சீழ்க்கை அது. மூத்த குட்டி ஆரல் அதை நேரில் கேட்டிருக்கிறது. சின்னக் குட்டி அயிரை அப்போது தாய் வயிற்றில் இருந்தது. அப்பா என்றால் அயிரைக்கு அந்தச் சீழ்க்கைதான்.

ஒரு நாள் காலையில் கைபேசி, "இடம் நிரம்பிவிட்டது" என்று காட்டியது. கண்ணாடியில் ஏற்கெனவே கீறல். ஓரத்தில் ஈரம் வேறு கசிந்திருந்தது. நாணல் அதைக் கையில் பிடித்தபடி கரையில் உட்கார்ந்துவிட்டது.

பக்கத்து மருதமரத்தில் இருந்த உடும்பு பட்டையன் எட்டிப் பார்த்தது.

"இதற்கா முகம் வாடி உட்கார்ந்திருக்கிறாய்? தூக்கி மேகத்தில் போடு. காடே அங்கேதான் போட்டு வைத்திருக்கிறது."

"மேகத்தில் எப்படி அண்ணே போடுவது?"

"கொண்டலாத்தியிடம் கொடு. மற்றதை அது பார்த்துக்கொள்ளும்."

கொண்டலாத்திப் பறவை ஒரு பட்ட இலவமரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. கீழே மான்களும் முயல்களும் முள்ளம்பன்றிகளும் வரிசையில் நின்றன. நாணலின் முறை வந்ததும் அது கொண்டையை விசிறிபோல் விரித்தது.

"வா தங்கச்சி. எவ்வளவு வைக்கப் போகிறாய்?"

"கொஞ்சம்தான். ஆனால் தொலையக் கூடாது."

"கொஞ்சம் எதற்கு? எல்லாவற்றையும் கொடு. என்னிடம் அளவே கிடையாது. அதோ பார்."

நாணல் நிமிர்ந்து பார்த்தது. மலைக்கு மேல் இன்னொரு மலைபோல் வெண்மேகம் ஒன்று குவிந்து நின்றது. அதன் விளிம்பில் வெயில் பட்டு மின்னியது. இவ்வளவு பெரிய இடத்திலா என் துழாவன் இருக்கப் போகிறது என்று அது நினைத்தது.

"திரும்ப வேண்டுமென்றால் எப்படி வாங்குவது?" என்று மெல்லக் கேட்டது.

"எல்லாரும் கொடுக்கத்தான் வருகிறார்கள். திருப்பிக் கேட்டு யாரும் வந்ததில்லை" என்றது கொண்டலாத்தி பெருமையாக.

வரிசையில் நின்றவை தலையாட்டின. நாணலுக்கு மட்டும் அந்தப் பதில் முள்போல் உறுத்தியது. சீழ்க்கையைக் கொடுக்க மனம் வரவில்லை. தவளை ஒன்று ஆம்பல் இலையில் உட்கார்ந்திருக்கும் படத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பியது.

வழியில் ஓர் ஓடைக்கரையில் மலைத்தேனீ ஒன்று தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தது. நாணல் கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவதைப் பார்த்து அது விசாரித்தது. நாணல் நடந்ததைச் சொன்னது.

"நாங்களும் வைத்துக் காக்கிறோம் அக்கா. ஆனால் எங்களிடம் இடம் அளவுதான். அரியதை மட்டும் நீயே பொறுக்கிக் கொடுக்க வேண்டும்."

"உங்களுடையது எந்த மேகம்?"

தேனீ சிரித்தது. "மேகம் என்பது பேச்சுக்குச் சொல்வது. பொருள் எங்கேயோ ஓரிடத்தில் தரையைத் தொட்டுத்தானே இருக்க வேண்டும்? வந்து பார்."

நீந்தப் பழகிய கால்களால் மலை ஏறுவது லேசில்லை. நாணல் வழுக்கியும் தவழ்ந்தும் பாறை முகட்டுக்கு வந்து சேர்ந்தது. வந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

செங்குத்தான பாறை முழுவதும் தேனடைகள் தொங்கின. ஒவ்வொன்றும் யானையின் காதைவிடப் பெரியது. ஒவ்வொன்றிலும் எண்ணி முடியாத அறைகள். அறைக்கு ஒரு குரல், அறைக்கு ஒரு முகம். எந்தக் காலத்திலோ வாழ்ந்த ஒரு யானையின் பிளிறல் ஓர் அறையில் இருந்தது. அதை அடுத்த அறையில் அன்று காலை கண் திறந்த மான்குட்டியின் முதல் கத்தல். அடைகளுக்கு முன்னால் ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஓயாமல் சிறகடித்துக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் பாறையே மூச்சு விடுவதுபோல் இருந்தது.

"இவை ஏன் பறக்காமல் சிறகடிக்கின்றன?" என்று நாணல் கிசுகிசுத்தது. அங்கே உரக்கப் பேச அதற்கு வாய் வரவில்லை.

"இத்தனை பேருடைய நினைவு ஓரிடத்தில் இருந்தால் சூடேறும் அக்கா. மெழுகு இளகிவிடும். அதனால் தண்ணீர் தெளித்து விசிறுகிறோம். ஒரு கூட்டம் களைத்தால் அடுத்த கூட்டம் வரும்."

"நிறுத்தவே மாட்டீர்களா?"

"நிறுத்தினால் காப்பது எப்படி?"

நாணல் துழாவனின் சீழ்க்கையை எடுத்து நீட்டியது. தேனீ வாங்கவில்லை.

"முதலில் சின்னதாக ஏதாவது கொடு. நாளைக்கு வந்து திருப்பிக் கேள். அப்புறம் முடிவு செய்."

நாணல் அதே தவளைப் படத்தைக் கொடுத்தது.

மறுநாள் அது முதலில் இலவமரத்துக்குப் போனது.

"என் தவளைப் படத்தைத் தருகிறாயா?"

கொண்டலாத்தியின் கொண்டை சுருங்கியது. "அந்த மேகம் தெற்கே போயிருக்கிறது தங்கச்சி. காற்று திரும்பட்டும், பார்க்கலாம்."

அங்கிருந்து மலைக்குப் போனது. கேட்டு முடிப்பதற்குள் படம் கைபேசிக்கு வந்துவிட்டது. ஆம்பல் இலை மேல் உருண்டு நின்ற நீர்த்துளிகூட அப்படியே இருந்தது.

அன்றே நாணல் உட்கார்ந்து பொறுக்கியது. மங்கிய படங்களையும் ஒரே மாதிரிப் படங்களையும் தள்ளியது. துழாவனின் முகம் தெளிவாகத் தெரிந்தவற்றையும் அந்தச் சீழ்க்கையையும் தேனீயிடம் ஒப்படைத்தது. பட்டையன் கேட்டுவிட்டுக் கேலி செய்தது. "அளவில்லாமல் ஒருவன் கொடுக்கும்போது, அளந்து கொடுப்பவனைத் தேடி மலை ஏறினாயாக்கும்."

நாணல் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மடுவுக்குள் இறங்கியது.

கோடையின் கடைசியில் ஒரு பிற்பகல் பெரும் புயல் அடித்தது. ஆறு பொங்கி நாணல் குடியிருந்த வளைக்குள் புகுந்தது. நாணல் ஒரு குட்டியை வாயில் கவ்வி, மற்றொன்றை முதுகில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு நீந்தியது. கைபேசி வெள்ளத்தோடு போய்விட்டது. அது போவதை நாணல் கண்ணால் பார்த்தது. குட்டிகளை விட்டுவிட்டு அதைப் பிடிக்க முடியுமா?

மழை விட்டதும் மூன்றும் மலையை நோக்கி நடந்தன. வழியில் இலவமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் பொந்து பிளந்து, காட்டு விலங்குகள் நம்பிக் கொடுத்த அத்தனையும் சேற்றில் கரைந்துகொண்டிருந்தன. மேகம் என்று காட்டியதெல்லாம் அந்த ஒற்றைப் பொந்துதான். கொண்டலாத்தி நனைந்த சிறகுகளோடு ஓரமாக நின்றது. யாருடைய பொருளையும் அழிக்க அது நினைத்ததில்லை. வாங்குகிற ஆசையில், காப்பது எப்படி, தேடித் திருப்பித் தருவது எப்படி என்று யோசிக்கவே இல்லை. பட்டையன் சேற்றைக் கிளறித் தன் படங்களைத் தேடிக்கொண்டிருந்தது.

நாணல் பதறி ஓடியது. முகட்டை அடைந்து பார்த்தது. பாறையின் ஒரு பக்கம் முழுவதும் சரிந்து, அடைகள் கீழே நொறுங்கிக் கிடந்தன.

"போயிற்று. எல்லாம் போயிற்று" என்று அது குட்டிகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

ஓடைக்கரையில் பார்த்த அதே தேனீ வந்து அதன் தோளில் அமர்ந்தது. "எங்கே அக்கா போயிற்று? உன்னுடையதை இங்கே மட்டுமா வைத்தோம்? எதிர்மலையில் ஒன்று இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் ஒன்று இருக்கிறது. ஒன்று உடைந்தால் மற்றதைப் பார்த்து மறுபடி கட்டுவோம். நாங்கள் அப்படித்தான்."

சொல்லிவிட்டு அது சிறகை ஒருவிதமாக அதிர்த்தது. பள்ளத்தாக்குக்கு அப்பால், எதிர்மலை மெல்ல முரல ஆரம்பித்தது. பிறகு அந்த ரீங்காரத்துக்குள்ளிருந்து, நீளமாக, கடைசியில் சற்றே மேலேறும் ஒரு சீழ்க்கை புறப்பட்டது. மலைக்கு மலை மோதி அது வானம் முழுவதும் நிறைந்தது. மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்த மான்கள் நின்றன. முள்ளம்பன்றி முள்ளை மடக்கிக்கொண்டது.

"அம்மா, அப்பா எவ்வளவு பெரியது" என்றது அயிரை.

நாணல் குட்டியின் நனைந்த தலையை நக்கிக்கொடுத்தபடி, எதிர்மலையிலிருந்து இந்தப் பக்கத்தை மறுபடி கட்டுவதற்காகப் புகைபோல் எழுந்து வரும் தேனீக்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

நமக்கு அரியதை ஒருவரிடம் கொடுத்து வைக்கும்போது, அவர் எவ்வளவு வாங்கிக்கொள்வார் என்று பார்க்காமல், எப்படிக் காத்துத் திருப்பித் தருவார் என்று பார்த்தே கொடுக்க வேண்டும்.