ஒருசந்தி நாளில் வந்த சோறு

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் வந்துவிட்டால் சந்தியாகு ஆளே மாறிவிடுவார். ஒருசந்தி விரதம் என்றால் ஊரில் மற்றவர்கள் ஒரு வேளையாவது சாப்பிடுவார்கள். இவர் அந்த ஒரு வேளையையும் தண்ணீரோடு முடித்துக்கொள்வார். படுப்பது வெறுந்தரையில். சிலுவைப்பாதை அன்று கருவேல மரத்தில் செய்த சிலுவையைத் தன்னந்தனியாகக் குன்றின் மேல் சுமந்துகொண்டு போவார். தோளில் புண்ணாகிச் சீழ் கோத்தாலும் மருந்து போட விடமாட்டார்.

"அடேயப்பா, என்ன பக்தி!" என்று ஊரே வாயைப் பிளந்தது.

சிஸ்டர் எமரன்சியா மட்டும் அப்படி எதுவும் சொன்னதில்லை. குன்றடியில் இருக்கும் தியான இல்லத்தில் வேதபாடம் சொல்லிக்கொடுப்பவர் அவர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்கிற சந்தியாகுவுக்கோ ஐம்பத்தாறு. காலமெல்லாம் கிணறு வெட்டிப் பிழைத்தவர், நாலு வருடத்துக்கு முன்னால் திடீரென்று அந்த வேலையைத் தலைமுழுகிவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். தோட்ட வேலை செய்வார், பாடம் கேட்பார், கேள்வி கேட்டே சிஸ்டரைத் துளைத்தெடுப்பார். சிஸ்டர் பதில் சொல்வதில் மகா கஞ்சம்.

அன்று வெள்ளிக்கிழமை. சிஸ்டர் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சந்தியாகு பக்கத்தில் வந்து நின்றார்.

"சிஸ்டர், ஆண்டவர் நமக்காகச் செத்தார்னு வேதத்துல இருக்கு. நமக்காகன்னா எத்தனை பேருக்காக?"

"எல்லாருக்காகவும்தான்."

"அப்ப ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும். தாங்கிக்கலாம். எனக்காக ஒருத்தர் முழுசாச் செத்துட்டாரே சிஸ்டர், அதை நான் எப்படித் தாங்குவேன்?"

கீரை ஆய்ந்த கை நின்றுவிட்டது. நாலு வருடத்தில் சந்தியாகு அதைப் பற்றி வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

"சொல்லுங்கண்ணே" என்றார் சிஸ்டர்.

சொன்னார். தூர்வாரப் போன கிணறு. ஆயில் என்ஜின் ஓடிய புகை அடியில் தங்கியிருந்தது தெரியாமல் இறங்கியவர், அங்கேயே மயங்கி விழுந்துவிட்டார். மேலே நின்றவர்கள் ஐயோ ஐயோ என்று அலறினார்களே தவிர, ஒருத்தரும் இறங்கவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது, அவரவருக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது. அப்போது அந்த வழியாகச் சைக்கிளில் போன இருளாண்டி, முன்பின் தெரியாத ஆள், சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். இருந்தது ஒரே ஒரு கயிறு. அதைச் சந்தியாகுவின் இடுப்பில் கட்டி, "இழுங்கப்பா!" என்று குரல் கொடுத்தார். அந்தக் கயிறு திரும்பக் கீழே போவதற்குள் இருளாண்டியின் மூச்சு நின்றுவிட்டது.

ஒரே கயிறுதான் என்று தெரிந்தேதான் இறங்கியிருக்கிறார். என்ன மனுஷன் பாருங்கள்! கேட்கிறவர்களுக்கே உடம்பு சிலிர்த்துப்போகும்.

"அவர் பேரே ஆஸ்பத்திரியில வச்சுத்தான் எனக்குத் தெரியும்" என்றார் சந்தியாகு. "அவர் பட்ட பாட்டுக்கு, நான் இவ்வளவாவது கஷ்டப்பட வேண்டாமா சிஸ்டர்?"

சிஸ்டர் பதில் சொல்வதற்குள் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. கையில் தூக்குவாளியோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். சந்தியாகுவின் முகம் வெளிறிப்போனது.

அவள் பஞ்சவர்ணம், இருளாண்டியின் மனைவி. வருடா வருடம் இதே நாளில் வருவாள். கேட்டில் தலை தெரிந்ததுமே சந்தியாகு தோட்டத்து வழியாக நழுவிவிடுவார். மூன்று வருடம் அப்படி ஓடியாயிற்று. இந்த வருடம் ஓடுவதற்கு உடம்பில் தெம்பில்லை. இரண்டெட்டு வைத்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"தாயே, மண்ணை வாரித் தூத்தணும்னா தூத்துங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "நான் வாங்கிக்கிறேன்."

"ஐயய்யோ, எதுக்குண்ணே தூத்தணும்?" என்று பதறினாள் பஞ்சவர்ணம். "இன்னைக்கு அவருக்குத் தெவசம். அவருக்குப் பிடிச்ச கருவாட்டுக் குழம்பு வச்சுப் படைச்சிருக்கேன். நீங்க முதல்ல ஒரு வாய் சாப்பிடணும், அப்புறந்தான் வீட்டுல நாங்க கை வைப்போம்னு மனசுல நேந்துக்கிட்டேன். மூணு வருசமா கொண்டாந்த சோறு அப்படியே திரும்பிப் போகுது. அன்னைக்குப் பூரா பிள்ளைங்களும் பட்டினிதான்."

பேசிக்கொண்டே வந்தவள் அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தாள். கன்னம் ஒட்டிக் கிடந்தது. தோள் புண்ணில் ஈ மொய்த்தது. அவள் முகம் மாறிவிட்டது.

"ஏண்ணே இப்படி ஆயிட்டீங்க? ஆஸ்பத்திரியில பார்த்தப்ப நல்லாத்தானே இருந்தீங்க?"

"அவருக்காகத்தான் தாயே."

"அவருக்காகவா?" அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "போனாலும் ஒரு உசிரைக் காப்பாத்திட்டுத்தானே போயிருக்காரு, பொழைச்ச ஆளு நல்லா இருப்பாருன்னு சொல்லிச் சொல்லித்தான் நான் மனசைத் தேத்திக்கிட்டிருக்கேன். அதையும் இல்லாம ஆக்கிடாதீங்கண்ணே."

சந்தியாகு அப்படியே தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். பஞ்சவர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூக்குவாளியைப் பிடித்தபடி நின்றாள். சிஸ்டர் எழுந்துபோய் வாழை இலை ஒன்றை அறுத்து வந்தார். தண்ணீர் தெளித்துத் துடைத்து, சந்தியாகுவின் முன்னால் விரித்தார்.

சந்தியாகு மிரண்டுபோய் இலையைப் பார்த்தார்.

"சிஸ்டர், இன்னைக்கு ஒருசந்தி."

"தெரியும்."

"இது படைச்ச சோறு. நம்ம வேதத்துக்கு ஆகாதே."

"அதுவும் தெரியும்."

"அவருக்காக நான் பட்டினி கிடக்கலாம், சிலுவை சுமக்கலாம். என் உசிருக்காகச் செத்தவரோட சோத்தை, அவர் பொண்டாட்டி கையால வாங்கி, உக்காந்து சாப்பிடச் சொல்றீங்களே. எனக்குத் தொண்டையில இறங்குமா? இது நியாயமா சிஸ்டர்?"

சிஸ்டர் எமரன்சியா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"விடிஞ்சா நமக்காகச் சாகப்போறோம்னு தெரிஞ்சவர், சிநேகிதங்களையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சுத்தி உக்கார வச்சுக்கிட்டு, என் நினைவா இதைச் செய்யுங்கன்னு சொன்னாரே" என்றார். "அப்ப அவங்க கையில என்னத்தைக் கொடுத்துச் சொன்னாருண்ணே?"

சந்தியாகு இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.